ராத்திரி நிகழ்ச்சிக்குப் புது ஆள் வந்தது நல்லதுதான்

கேள்வி இதுதான். கடலூர், புதுச்சேரி பக்கம் இரவு 11 மணிக்கு வரும் நேயர் பேச்சு நிகழ்ச்சியைப் பல வருடம் நடத்தியவர் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறார். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து கேட்கும் நண்பரின் அம்மா அன்றிலிருந்து ரேடியோவைத் தொடவே இல்லையாம். "பழகின குரல் போய்விட்டால் நிகழ்ச்சியும் போன மாதிரிதானே? நீங்கள் மட்டும் ஏன் இதை வரவேற்கிறீர்கள்?" என்கிறார் நண்பர்.

வரவேற்கிறேன், உண்மைதான். பழையவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆரம்ப வருடங்களில் அவரை விரும்பிக் கேட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் கடைசிக் காலத்தில் அவர் நேயர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பதையே விட்டுவிட்டார். ராத்திரி நிகழ்ச்சி நடத்துபவர் அதை விட்டுவிட்டால் அப்புறம் மிஞ்சுவது பாட்டும் விளம்பரமும்தான். பாட்டை மொபைலிலேயே போட்டுக்கொள்ளலாமே, அதற்கு எதற்கு ரேடியோ?

நான் சில காலம் வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவன், அதனால் உள்ளே என்ன நடக்கும் என்று கொஞ்சம் தெரியும். பகலில் இரண்டு பாட்டுக்கு நடுவே அரை நிமிடம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிடம் பேச விடுவார்கள். கேட்பவரும் சமைத்துக்கொண்டோ வண்டி ஓட்டிக்கொண்டோ அரைக்காதில் கேட்கிறார். ஒரு வரி தவறினால் நஷ்டமில்லை. 11 மணிக்கு மேல் விளம்பரம் குறையும், மேலதிகாரி வீட்டுக்குப் போயிருப்பார், ஒரே நேயரோடு ஐந்து நிமிடம் பேசினாலும் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. அந்த நேரத்தில் யார் விழித்திருக்கிறார்கள்? நெய்வேலியில் இரண்டாம் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தும் தூக்கம் பிடிக்காதவர். சிப்காட்டில் நைட் ஷிப்டுக்கு உள்ளே போனவர். ஜிப்மர் வராண்டாவில் பாய் விரித்திருக்கும் நோயாளியின் சொந்தக்காரர். பரோட்டாக் கல்லைக் கழுவிக் கவிழ்க்கும் மாஸ்டர், தீபாவளிக்கு முந்தின மாதம் என்றால் தையல்காரர், விடிவதற்குள் கடலுக்குப் போக முதுநகரில் வலையைச் சரிபார்ப்பவர். இவர்கள் யாருக்கும் அறிவுரை தேவைப்படவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் உணர்வு வேண்டும். பேசினால் கேட்கிற ஆள்.

இதற்கு நடுவே ஒரு சட்ட விஷயம். நம் நாட்டுத் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது. ஆகாசவாணியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே போடலாம், அவ்வளவுதான். அதனால் அமெரிக்காவில் இருப்பதைப் போல அரசியல் சண்டை போடும் பேச்சு ரேடியோ இங்கே வளரவில்லை. எஞ்சியது மனசு சம்பந்தப்பட்ட சமாச்சாரம்: காதல், பிரிவு, ஊரை விட்டு வந்த கதை, அப்பா போன வருத்தம். அரசியல் இல்லாதது ஒரு வகையில் நிம்மதி. ஆனால் அழுகைக்கு எப்போதும் கிராக்கி உண்டு. கொஞ்சம் அசந்தால் நிகழ்ச்சி முழுக்க அழுகையாகிவிடும். பழையவருக்கு அதுதான் நேர்ந்தது.

அவர் நடத்திய விதம் உங்கள் அம்மாவுக்கு மனப்பாடமாகவே இருக்கும். நேயர் பேசத் தொடங்கியதும் பின்னால் ஒரு புல்லாங்குழல் மெதுவாக ஏறும். இவர் குரல் இறங்கும். "புரியுது... உங்க வலி எனக்குப் புரியுது" என்பார். நேயர் ஒரு இடத்தில் தடுமாறியதும் வாழ்க்கையைப் பற்றி இரண்டு வரி, உடனே அதற்குப் பொருத்தமான சோகப் பாட்டு. பாட்டு எப்படி அவ்வளவு கச்சிதமாகத் தயாராக இருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இந்த மாதிரி நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் அழைப்பை முதலில் பதிவு செய்து, வெட்டி, சில நிமிடம் கழித்துத்தான் ஒலிபரப்புவார்கள். யாராவது கெட்ட வார்த்தை பேசிவிட்டால் நிலையத்துக்குத் தலைவலி என்பதால் அது தேவையான ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். எதை வெட்டுகிறார்கள், எதை வைக்கிறார்கள் என்பதில்தான் ஒருவருடைய ரசனை தெரியும். மகன் சண்டை போட்டுவிட்டுப் போனதைச் சொன்ன பெரியவர், நடுவில் தன் வீட்டுக் கொய்யா மரத்தைப் பற்றியும் நாலு வார்த்தை பேசியிருப்பார். கொய்யா மரம் ஒலிபரப்பில் ஏறாது. மகன் மட்டும் ஏறுவான்.

போகப் போக நேயர்களும் இந்த வழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள். லைன் கிடைத்ததும் நேராகச் சோகத்துக்குள் இறங்கினார்கள். அதே ஆட்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள். சிலர் போன வாரம் சொன்ன கதையையே இன்னும் கொஞ்சம் கண்ணீர் சேர்த்துச் சொன்னார்கள். புதிதாக ஒருவர் அழைத்துச் சாதாரணமாகப் பேசினால், "வேற ஏதாவது மனசுல இருக்கா?" என்று தோண்டுவார். இல்லாதவர் என்ன சொல்வார்? சங்கடப்பட்டு வைத்துவிடுவார்.

புதியவர் வந்த முதல் வாரமே பின்னணி இசையை நிறுத்திவிட்டார். எனக்கு அதிலேயே பாதி மனசு நிறைந்துவிட்டது. இரண்டாவது, அவர் கேட்கும் முதல் கேள்வி: "இப்ப எங்க இருந்து பேசறீங்க? சுத்தி என்ன தெரியுது?" கேள்வி அவ்வளவுதான், ஆனால் பதில்கள் வேறு மாதிரி வருகின்றன. குடிகாடு பக்கம் ஒரு கிடங்கில் காவல் இருப்பவர், கேட்டுக்கு வெளியே எந்த நாய் எந்த நாயோடு சண்டை, ஏன் சண்டை என்று விலாவாரியாகச் சொன்னார். மரக்காணத்தில் லாரியை ஓரம் கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர், நிலா வெளிச்சத்தில் உப்பளம் எப்படி இருக்கிறது என்று சொன்னார். அவர் ஒன்றும் கவிஞர் இல்லை, "வெள்ளையா கெடக்குது மேடம்" என்றுதான் சொன்னார். போதாதா?

மருத்துவமனை வராண்டாவிலிருந்து பேசிய ஒரு அம்மாவை மறக்க முடியவில்லை. பழையவராக இருந்தால் யாருக்கு என்ன நோய், டாக்டர் என்ன சொன்னார் என்று போயிருப்பார். இவர் அதைத் தொடவே இல்லை. அந்த அம்மா தானாகவே, பக்கத்துப் பாயில் இருக்கும் விழுப்புரத்துக்காரியும் தானும் கருவாட்டுக் குழம்புக்குக் கத்தரிக்காய் போடலாமா, மாங்காய் போடலாமா என்று சாயங்காலம் முழுக்க வாதாடியதைச் சொல்லிச் சிரித்தார். கடைசியில் மட்டும், "நாளைக்கு ஆபரேஷன். அதான் தூக்கம் வரல" என்றார். ஸ்டுடியோவிலிருந்து உடனே எந்தச் சத்தமும் வரவில்லை. மூன்று நொடி, நாலு நொடி இருக்கும். அப்புறம், "நான் ரெண்டு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன், கேட்டுக்கிட்டே இருங்க" என்றார். பாட்டு போட்டார். சோகப் பாட்டு இல்லை.

அந்த நாலு நொடியின் மதிப்பு வானொலியில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மௌனம் என்றால் எங்களுக்கு அவ்வளவு பயம். சில நொடி தொடர்ந்து சத்தம் வராவிட்டால் எச்சரிக்கை கொடுக்கும் கருவியே நிலையங்களில் உண்டு. பயிற்சியின் முதல் நாளே, வாய் ஓய்ந்தால் கை பாட்டைத் தள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். அந்தப் பழக்கத்தை மீறி ஒருவர் சும்மா இருக்கிறார் என்றால், எதிரே இருப்பவர் சொன்னது அவருக்குள் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது புகார்களுக்கு வருகிறேன். நான் அதிகம் கேட்டது, "குரலில் கனம் இல்லை, ராத்திரிக்கு இந்தக் குரல் எடுபடாது." சிலர் பெண் என்று நேரடியாகச் சொல்லக் கூச்சப்பட்டு இப்படிச் சொல்கிறார்கள் என்பது என் சந்தேகம். அதை விடுங்கள், தொழில்நுட்பமாகவே பார்ப்போம். பழையவரின் அந்த அடித்தொண்டைக் குரலில் பாதி மைக் கொடுத்தது. ஸ்டுடியோக்களில் இருக்கும் பல மைக்குகள் ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் வாங்கும் வகை. அவற்றுக்கு மிக அருகில் வாயைக் கொண்டுபோனால் தாழ்ந்த சுருதி தானாகவே தடித்துவிடும். யார் பேசினாலும் கொஞ்சம் கனம் கூடும். சரி, அந்தக் கனம் கேட்பவருக்கு வந்து சேர்கிறதா? மொபைலின் சின்ன ஸ்பீக்கரிலும் பழைய டிரான்சிஸ்டரிலும் அடிக்குரல் பெரும்பாலும் கரைந்துவிடும். பஸ் எஞ்சின் சத்தமும் அதே தாழ்ந்த பகுதியில்தான் இரைவதால் இன்னும் மோசம். பேச்சு புரிவதற்கு முக்கியமான ஒலிகள் அதற்கு மேலே, 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வாக்கில் இருக்கின்றன. தெளிவான நடுத்தரக் குரல் அந்த இரைச்சலைத் தாண்டி வந்துவிடும். கடைசி பஸ்ஸில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், யார் பேசுவது புரிகிறது என்று.

"ஆள் மாறினால் நிகழ்ச்சி செத்துவிடும்" என்ற பயத்துக்குப் பதில் சொல்ல நம் ஊரை விட அமெரிக்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே நள்ளிரவுப் பேச்சு ரேடியோ ஒரு பெரிய மரபு. சூரியன் மறைந்ததும் வானத்தில் மத்திய அலையை (ஏ.எம். நிலையங்கள் பயன்படுத்தும் அலை) உறிஞ்சும் அடுக்கு மறைந்துவிடும், அதற்கு மேலே இருக்கும் அடுக்குகளில் பட்டு அலை நெடுந்தூரம் போய் இறங்கும். 50 கிலோவாட் நிலையம் ஒன்று இரவில் பல மாநிலங்களுக்குக் கேட்கும். லாரி ஓட்டுநர்கள்தான் முக்கிய நேயர்கள். இதில் 'கோஸ்ட் டு கோஸ்ட் ஏ.எம்.' என்ற நிகழ்ச்சியை நடத்திய ஆர்ட் பெல், நெவாடா பாலைவனத்தில் பாரம்ப் என்ற ஊரில் தன் வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தார். பறக்கும் தட்டு, பேய், விளக்க முடியாத சத்தம், இதெல்லாம்தான் பேச்சு. அழைப்பவர்களை யாரும் முன்கூட்டி விசாரித்து வடிகட்ட மாட்டார்கள், நேராக ஒலிபரப்பில் விடுவார். நேயர்கள் அவர் மேல் உயிரையே வைத்திருந்தார்கள்.

அவர் 2000இல் விலகியபோது மைக் சீகல் என்பவர் வந்தார். ஒரு வருடம்கூட நிற்கவில்லை, 2001 பிப்ரவரியில் பெல் திரும்பிவிட்டார். பார்த்தீர்களா, ஆள் மாறினால் இப்படித்தான் என்று சொல்லலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2002 கடைசியில் பெல் மறுபடி விலகினார், 2003 ஜனவரி 1 முதல் ஜார்ஜ் நூரி வந்தார். ஆர்ட் பெல் மாதிரி வருமா என்ற முணுமுணுப்பு அவரையும் விடவில்லை. ஆனாலும் அவர் இருபது வருடத்துக்கு மேல் அந்த இருக்கையில் இருந்தார், வார நாட்களில் பெல் இருந்த காலத்தைவிட அதிகம். அதே போல 1978இல் லாரி கிங் தொடங்கிய தேசிய அளவிலான நள்ளிரவுப் பேச்சு நேரத்தை 1993இல் ஜிம் பொஹானன் எடுத்துக்கொண்டு 2022 வரை நடத்தினார். அடுத்து வருபவர் முந்தியவரைப் போல இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்த்தால்தான் பிரச்சினை. அவர் வேறு ஆளாக இருக்க விட்டால் நேயர்கள் கொஞ்ச நாள் முனகிவிட்டுப் பழகிக்கொள்வார்கள்.

நம் பக்கத்துப் பெரியவர்களுக்கு இது புதிதும் இல்லை. புதுச்சேரி வானொலி நிலையம் வந்தது 1967இல். அதற்கு முன்பும் பின்பும் இந்தக் கரையில் எத்தனையோ வீடுகளில் இலங்கை வானொலிதான் பாடிக்கொண்டிருந்தது. கடலூரிலிருந்து யாழ்ப்பாணம் நேர்கோட்டில் சுமார் 230 கிலோமீட்டர்தான், நடுவில் பெரும்பாலும் கடல். மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது என்று ஒவ்வொருவருக்கும் தனி ரசிகர் கூட்டம் இருந்தது. ஆனால் அங்கே அறிவிப்பாளர்கள் முறை வைத்து வந்தார்கள், நிகழ்ச்சிகள் கை மாறின. நமக்குப் பிடித்தவர் வராத நாளில் முகம் சுளித்தோமே தவிர ரேடியோவை மூடவில்லை. ஒரு நிகழ்ச்சி என்றால் ஒரே ஆள் என்ற பழக்கம் தனியார் பண்பலைகள் வந்த பிறகு கெட்டிப்பட்டது. ஆர்.ஜே.யின் முகத்தைப் பேனரில் போட்டு விற்கத் தொடங்கியதன் விளைவு.

எனக்குப் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியைப் பல ஊர்களில் ஒலிபரப்பிக்கொள்ள இப்போது விதி இடம் கொடுக்கிறது. சென்னையில் ஒருவர் பேசுவதைக் கடலூர்க்காரர் கேட்கலாம். செலவு மிச்சம். அல்லது நள்ளிரவுக்குப் பிறகு ஆளே இல்லாமல் கணினி பாட்டுகளை ஓட்டிக்கொண்டிருக்கும். நம் நிகழ்ச்சியில் பழையவர் போனபோது அப்படி ஏதாவது செய்துவிடுவார்களோ என்று கவலைப்பட்டேன். கெடிலம் எங்கே, தென்பெண்ணை எங்கே, பாகூர் ஏரி எந்தப் பக்கம் என்று தெரிந்த ஒருவரை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் வரவேற்பதற்குப் பெரிய காரணமே இதுதான்.

இந்தக் கரையில் அது சின்ன விஷயம் கிடையாது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, செல்போனுக்கு சார்ஜ் இல்லை. பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் வைத்திருந்தவர்தான் தெருவுக்கே தகவல் சொன்னார். 2015 வெள்ளத்துக்குப் பிறகு கடலூரில் 107.8 மெகாஹெர்ட்ஸில் பேரிடர் கால வானொலி என்று தனியாக ஒன்றே தொடங்கினார்கள். அந்த மாதிரி ராத்திரியில் "ஆத்துல தண்ணி ஏறுது" என்று யாராவது அழைத்தால், எந்த ஆறு, எந்தப் பாலம் என்று புரிந்துகொள்ளும் ஆள் மைக்கில் இருக்க வேண்டும். சென்னையில் உட்கார்ந்திருப்பவரை இதற்காகத் திட்ட முடியாது. அவருக்கு எப்படித் தெரியும்?

புதியவரிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வேகமாகப் பேசுகிறார். சிரிப்பு வந்தால் நேயர் முடிக்கும் முன்பே சிரித்துவிடுகிறார், அதில் ஒரு வரி விழுந்துவிடுகிறது. 1960, 70களின் பாட்டு குறைந்துவிட்டது, வயதானவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. வெள்ளிக்கிழமை சினிமா போட்டி ஒன்றை நடுவில் சொருகியிருக்கிறார்கள், சகிக்கவில்லை. ஆனால் அது விளம்பரப் பிரிவு செய்த வேலையாக இருக்கும், அவர் தலையில் போட வேண்டாம். பழையவரிடம் இருந்த ஒரு நல்ல பழக்கத்தையும் இவர் எடுத்துக்கொள்ளலாம்: பாட்டு முடிந்ததும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயரைத் தவறாமல் சொல்வார். அதில் அவரை அடிக்க ஆளில்லை.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். "புதுசு நல்லா இருக்கு, கேளுங்க" என்று வற்புறுத்தாதீர்கள், பிடிவாதம்தான் கூடும். நீங்கள் கேளுங்கள், அவர் காதில் விழுகிற மாதிரி. நிகழ்ச்சியின் முதல் அரை மணி நேரத்தில் விளம்பரம் அதிகம், அதை விட்டுவிட்டு 11.30க்கு மேல் வையுங்கள். புதியவரை எடைபோட நான் கவனிப்பது, நேயர் பேசத் தொடங்கி எவ்வளவு நேரம் கழித்து அவர் குறுக்கே வருகிறார் என்பதை. அதைவிட முக்கியம், "முதல் தடவை பேசறேன்" என்று எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது. இப்போது அந்த வார்த்தை அடிக்கடி காதில் விழுகிறது, அதிலும் பெண்கள் சொல்லி. ஒரு மழைக்காலம் போகட்டும், அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் அம்மா சொல்வது சரியாகவே இருக்கலாம்.

இன்னொன்று. திருப்பாதிரிப்புலியூரில் வீடுகளுக்கு நடுவே பண்பலை அலை சில நேரம் சரியாக வராது. ஆன்டெனா கம்பியை முழுக்க இழுத்து, சுமார் 75 சென்டிமீட்டர் நீளம் வருகிற மாதிரி வைத்து, ஜன்னல் ஓரம் நிறுத்துங்கள். மொபைலில் கேட்பதாக இருந்தால் இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா, அதைச் சுருட்டி வைக்காமல் நீட்டிப் போடுங்கள். இரைச்சலோடு கேட்டால் யார் குரலும் பிடிக்காது.